கழுவிய பீப்பாய்

பெருமழை வரப்போகிறது, தூரத்துப் பிள்ளைகள் நேரத்தோடு வீடு போய்ச் சேரட்டும் என்று அன்று பள்ளிக்கூடத்தைப் பகலோடு விட்டுவிட்டார்கள். ஜெஸ்மின் வத்தேகமச் சந்தியில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறித் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இறங்கி, குறுக்குப் பாதையால் நடந்தாள். முந்தின இரவும் நல்ல மழை. பாதையோரக் கானில் தண்ணீர் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைக்குத் திரும்பும் முடக்கில் நின்று மேலே பார்த்தபோது, தங்கள் காய்கறிக் காணியின் அடிவாரத்தில் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அங்கே மண்ணில் புதைத்திருந்த நீலப் பீப்பாய்க்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தேங்காய்ப் பொச்சால் அவர் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கூடை நிறையச் சேறு. இன்னொரு கூடை ஏற்கனவே மேலே போஞ்சிப் பாத்திக்குப் போய்க் கவிழ்ந்திருந்தது.

"என்னா புள்ள, இந்நேரத்துக்கே வந்துட்ட?" என்றார் கபிரியேல், நிமிர்ந்து.

"ஸ்கூல் விட்டுட்டாங்க. நீங்க என்னாப்பா செய்யிறீங்க?"

"நாளைக்கு மிஸ் வாராங்கல்ல. சேறும் சகதியுமா கெடந்தா என்னா நெனப்பாங்க."

ஜெஸ்மின் கூடையில் இருந்த சேற்றைப் பார்த்தாள். "எப்பவும் கழுவுவீங்களா?"

"மழ பேஞ்சா கழுவுவேன். மண்ண அள்ளி மேல பாத்தியில போட்டுட்டு, பீலித் தண்ணிய ஊத்தி அலசி, கொஞ்சம் நல்ல தண்ணியும் விட்டு வச்சிருவேன். நீ அந்தியில வந்து எடுக்கிறப்ப பளிச்சின்னு இருக்கும்ல." அவர் பொச்சைப் பிழிந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "கெம்பஸ்காரவங்க போத்தல்ல அடச்சிக் கொண்டு போறாங்க. நம்ம காணித் தண்ணின்னு கலங்கத் தண்ணியவா குடுத்து அனுப்புறது?"

ஜெஸ்மின் புத்தகப் பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள்.

அந்தப் பீப்பாயை வைத்தது கெம்பஸிலிருந்து, அதாவது பல்கலைக்கழகத்திலிருந்து, ஆராய்ச்சிக்கு வரும் றேணுகா மிஸ். தோட்டத்தில் கைவிட்டுப்போன தேயிலை மலைகளைக் காய்கறி போடச் சொல்லிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்த காணிகளிலிருந்து மண்ணும் உரமும் கழுவுண்டு கீழே ஓடைக்குப் போகிறதா, போனால் எவ்வளவு என்று அறிய ஒரு கணினி மொடல் செய்கிறார்கள் என்று மிஸ் வந்த முதல்நாளே விளக்கியிருந்தாள். மழை, சரிவு, பயிர், போடுகிற உரம் எல்லாவற்றையும் கொடுத்தால் அது கணக்குப் போட்டுச் சொல்லும். சொல்வது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் பீப்பாய்கள். தேயிலைச் சரிவடியில் ஒன்று, காடாகிப்போன பக்கத்தில் ஒன்று, கபிரியேலின் காணியடியில் ஒன்று. மழை பெய்த அந்தியில் பீப்பாய்க்குள் குச்சியை விட்டுச் சேற்றின் உயரத்தைப் பார்ப்பதும், தண்ணீரைக் கலக்கிப் போத்தலில் எடுத்து வைப்பதும் ஜெஸ்மினின் வேலை. விஞ்ஞானப் பிரிவில் ஏ.எல். உயர்தரம் படிக்கிற பிள்ளை என்று மிஸ்ஸே அவளைத் தேர்ந்தெடுத்தாள். குச்சியில் சேறு ஒட்டாமலே வரும்போதெல்லாம் ஜெஸ்மினுக்குப் பெருமையாக இருந்தது. அப்பா கட்டிய கல்லுக்கட்டு அப்படி, வேறு யார் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தாள்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். மலை முழுவதும் சின்னச் சின்னச் சதுரங்களாக, மண்ணும் உரமும் கழுவுண்டு போகாத இடம் பச்சை, கொஞ்சம் போவது மஞ்சள், அதிகம் போவது சிவப்பு என்று நிறம் பூசிக் கிடந்தது. பெட்டிக்குள்ளே மலையைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள் என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிவப்பாக வருகிற காணிகளைத் திரும்ப எடுத்து மரம் நடுவது, பச்சையாக வருகிறவற்றை அந்தந்தக் குடும்பத்துக்கே எழுதிக் கொடுப்பது என்று தோட்டத்து ஆபிஸில் பேசி வைத்திருந்தார்கள். கபிரியேலின் காணி முழுப் பச்சை. காய்கறிக் காணிகளில் அவருடைய பீப்பாய் ஒன்றுதான் என்பதால், அதன் அளவை வைத்துக் கணக்கிட்ட மற்றக் குடும்பங்களின் சதுரங்களும் பச்சையாகவே வந்திருந்தன.

அன்றே அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது.

அம்மா பியட்றிஸ் ஜோர்தானில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தாள். ஒப்பந்தம் முடிகிற நேரம். புதிதாகக் கையெழுத்து வைத்தால் இன்னும் மூன்று வருடம், வைக்காவிட்டால் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுவார்கள். காணி கையில் நின்றால் போஞ்சியும் கறிமிளகாயுமே குடும்பத்தைத் தாங்கும், நீ வந்துவிடு என்று கபிரியேல் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். காணி இல்லாமல் வந்து என்ன செய்வது என்று அவளும் வருடக்கணக்காகக் கேட்டுவந்தாள். பச்சை என்று கேட்டதும், "அப்ப நா கையெழுத்து வைக்கல்ல, வந்துர்றேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெஸ்மின் அம்மாவின் முழு உருவத்தைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தொலைபேசியில் முகமும் தோளும்தான். எப்போதும் மேல்தட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுவாள், தலை கூரையில் முட்டுகிற மாதிரி இருக்கும். அம்மா போகும்போது ஜெஸ்மின் அவள் இடுப்பளவு. இப்போது அம்மாவை விட உயரமா குட்டையா என்று அவளுக்கே தெரியாது. இதை யாரிடம் கேட்டும் பயனில்லை. அப்பாவிடம் கேட்டால் உள்ளங்கையைக் காற்றில் வைத்து இவ்வளவு என்று காட்டுவார், ஒவ்வொரு முறையும் கை வேறு உயரத்தில் நிற்கும். குளிக்கிற இடத்தில், கோயிலில், பஸ்ஸில் அம்மா வயதுப் பெண்கள் பக்கத்தில் நிற்கும்போது ஜெஸ்மின் தன்னை அறியாமல் தோளோடு தோளை ஒப்பிட்டுப் பார்ப்பாள். விமான நிலையத்தில் இருந்து வந்து இறங்கும்போது முதலில் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும், பிறகுதான் அழ வேண்டும் என்று இந்த ஒரு வாரமாக நினைத்து வைத்திருந்தாள்.

லயத்து முனையில் இருக்கும் பீலியில் அயல்வீட்டு ரத்தினம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். காணிகளின் அடியில் உள்ள மலை ஊற்றிலிருந்து குழாயில் இறங்கி வந்து விழுகிற அந்தத் தண்ணீரைத்தான் கீழ் லயம் முழுவதும் குடிக்கிறது. ரத்தினம்மாவின் கடைக்குட்டி, எல்லோரும் இனி இல்லை என்று நினைத்த பிறகு பிறந்த பெண்பிள்ளை, கல்லின் மேல் விரித்த சாக்கில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்னாடி, ஒங்கம்மா வாராளாம்ல? ஒங்கப்பன் மொகத்த பாக்கணுமே, புது மாப்பிள்ள மாதிரி திரியிறான்" என்றாள்.

"ம்."

"அந்தப் பீப்பாய தேய்க்கிற மாதிரி வீட்டுச் சட்டிபானைய தேய்ச்சிருந்தா, அவ வெளிநாட்டுக்கே போயிருக்க மாட்டா." ரத்தினம்மா தன் பகிடிக்குத் தானே சிரித்தாள்.

"ஒங்களுக்கும் தெரியுமா அத்தை? அப்பா கழுவுறது?"

"லயத்துக்கே தெரியும். நல்ல காரியந்தானே, வர்ற ஆள் மொகம் சுளிக்காம இருக்கணும்ல." பேசிக்கொண்டே பிள்ளையின் பால் போத்தலைப் பீலிக்கு நேரே பிடித்து அலசினாள்.

"புள்ளைக்கு இந்தத் தண்ணியிலதான் பால் கரைக்கிறீங்களா?"

"பின்ன? சோடா வாங்கியா கரைக்கிறது? நல்லா காய்ச்சித்தான் கரைக்கிறேன்."

காய்ச்சினால் கிருமி சாகும், உரம் போகாது என்று மிஸ் அந்தக் கூட்டத்தில் சொன்னாள். கைக்குழந்தைகளுக்கு அது கூடாது என்றும் சொன்னாள். ஆனால் சொல்லும்போது சுவரில் காணி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் தண்ணீர் நல்லது என்று அர்த்தம், பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்று ரத்தினம்மா பாதியிலேயே எழுந்து போயிருந்தாள். குழந்தை ஜெஸ்மினைப் பார்த்து எச்சில் வழியச் சிரித்தது. ஜெஸ்மின் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிற மாதிரி மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். என்ன கேட்பதென்று மட்டும் தெரியவில்லை. அம்மா வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு மன்றாட்டு இருந்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. காலை அப்பா தேயிலைக் கொழுந்து மலைக்கு வேலைக்குப் போன பிறகு றேணுகா மிஸ் வந்தாள். வடக்கே சாவகச்சேரிப் பெண், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. கண்டிக் குளிர் பிடிக்காமல் எப்போதும் கழுத்தைச் சுற்றி ஒரு துணி போட்டிருப்பாள். சொல்வதில்லை என்று ஜெஸ்மின் முடிவு செய்திருந்தாள். அம்மா வந்து இறங்கிய பிறகு சொல்லலாம். அல்லது அப்பாவை இனிமேல் கழுவவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிடலாம். அந்தக் குழந்தைக்கு மட்டும் வேறு எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் போதாதா. இப்படியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

காணியடியில் நின்று, ஜெஸ்மின் முந்தின அந்தியில் எடுத்து வைத்த போத்தலை மிஸ் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "பாருமன், எவ்வளவு தெளிவாய்க் கிடக்கு. காட்டுப் பக்கத்துத் தண்ணியும் இப்பிடித்தான்." பிறகு ஜெஸ்மினைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன, முகம் ஒரு மாதிரி? ஏ.எல். சோதினை கிட்ட வந்திட்டுதோ?"

"மிஸ், அது மழைத் தண்ணி இல்ல."

"என்ன?"

"பீலித் தண்ணி. அப்பா பீப்பாய கழுவிட்டு ஊத்தி வைக்கிறது. மண்ணையும் அள்ளிருவாரு. மொதல்ல இருந்தே அப்பிடித்தான். எனக்கு நேத்துத்தான் தெரியும், சத்தியமா நேத்துத்தான்."

றேணுகா போத்தலை மெல்லக் கீழே வைத்தாள். பீப்பாயின் விளிம்பைப் பார்த்தாள், அதற்கு மேலே இருந்த போஞ்சிப் பந்தல்களைப் பார்த்தாள், பிறகு கல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ஏன் எனக்குச் சொன்னனீர்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதற்குத்தான் ஜெஸ்மின் உடைந்துபோனாள். "எனக்குப் பயமா இருக்கு மிஸ். சொல்லாம இருக்கவும் பயம், சொல்லவும் பயம். எங்கம்மா கையெழுத்து வைக்கலன்னு சொல்லிட்டாங்க. பேக் கூட வாங்கிட்டாங்க, மெரூன் கலர், போட்டோ அனுப்பினாங்க. இப்ப இது செவப்புன்னு வந்துட்டா அவங்க வந்து என்னா செய்யிறது? வராம இருந்தா இன்னும் மூணு வருஷம். அதுக்குள்ள நா கெம்பஸுக்கோ எங்கயோ போயிருவேன் மிஸ், பொறகு அவங்க வந்தாலும் நா வீட்டுல இருக்க மாட்டேன். ரத்தினம்மா அத்த புள்ளைக்கி இந்தத் தண்ணியிலதான் பால் கரைக்கிறாங்க. நா நேத்து ராவு பூரா கண்ண மூடல. அப்பா மேல கோவமும் வரல்ல. அவரு நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சாரு. யாரு மேலயும் கோவப்பட முடியல மிஸ்."

றேணுகா அவளைப் பிடித்து அருகில் இருத்தினாள். கழுத்துத் துணியைக் கழற்றி நீட்டினாள். ஜெஸ்மின் அதை வாங்கினாள், முகத்தைத் துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிழை என்னிலையும் இருக்கு" என்றாள் றேணுகா. "நான் ஒருநாளும் மழைக்குள்ள வந்து இந்தப் பீப்பாயைப் பாக்கேல்லை. வெயிலுக்கை வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போனனான். கல்லுக்கட்டுத்தான் காரணம் எண்டு அறிக்கையிலையும் எழுதிப்போட்டன். இனி எங்கட பேராசிரியர் சேரிட்டைப் போய்ச் சொல்லோணும்." சிரிக்க முயன்றாள். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு."

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து முழங்காலில் விரித்தாள். சுவரில் பார்த்த அதே மலை, சின்னதாக. தங்கள் காணியை ஜெஸ்மின் உடனே கண்டுபிடித்துவிட்டாள், உள்ளங்கையளவு பச்சை. கபிரியேலின் பீப்பாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வேறு மலைகளில் போஞ்சி போட்ட காணிகளில் கிடைத்த அளவை வைத்துச் சும்மா ஒரு ஊகத்துக்கு ஓட்டிப்பார்க்கிறேன் என்று மிஸ் சொன்னாள். கணினி யோசித்தது. தூறல் விழத் தொடங்கியது. ஜெஸ்மின் குடையை விரித்துத் தங்களுக்குப் பிடிக்காமல் கணினிக்குப் பிடித்தாள். குடைத் துணியில் துளிகள் பொட்டுப் பொட்டென்று விழ, திரையில் காணி மேலிருந்து கீழாக நிறம் மாறியது. மேல் பாத்திகள் பச்சையாகவே நின்றன. நடுவில் மஞ்சள். ஓடையை ஒட்டிய கீழ்ப்பட்டை சிவப்பு. அந்தச் சிவப்பு அடுத்த காணிகளின் அடியிலும் ஒரு கோடாக ஓடிப் பீலி ஊற்றுப் பக்கம் வரைக்கும் போனது.

"கீழ மட்டுந்தானே மிஸ்? கீழ்ப்பக்கத்த விட்டுட்டு மேல மட்டும் போட்டா?"

"கீழை புல்லு வளர விட்டுப் பாத்தா குறையலாம். அதையும் மொடலிலை போட்டுப் பாக்கலாம். ஆனா இது எல்லாம் ஊகம், ஜெஸ்மின். இப்ப வாற மழையை ஒழுங்கா அளந்தாத்தான் சொல்லலாம். பீப்பாயை ஒருத்தரும் தொடக்கூடாது. பிறகும், முடிவெடுக்கிறது நானில்லை."

"எங்கம்மாகிட்ட என்னா சொல்றது?"

றேணுகா கணினியை மூடினாள். "அதை நான் சொல்லேலாது" என்றாள். பையை மாட்டிக்கொண்டு, "போற வழியிலை அந்த அக்காட்டை நானே கதைக்கிறன், பிள்ளைக்கு இப்போதைக்கு வேறை தண்ணி எடுக்கச் சொல்லி" என்று சொல்லி எழுந்தாள்.

மத்தியானம் அப்பா வந்தபோது மழை பிடித்துவிட்டது. ஜெஸ்மின் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். கபிரியேல் கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விரல்களில் சோறு காய்ந்தது.

"அப்ப நா கழுவினதுதான் தப்பாப் போச்சா?"

"கழுவாம இருந்தாலும் இதுதானேப்பா வந்திருக்கும். கொஞ்சம் முந்தியே வந்திருக்கும். அம்மாவும் வாரேன்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, படங்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். காணிப் பக்கம் போகிறார் என்று கண்டு ஜெஸ்மினும் குடையோடு பின்னாலேயே ஓடினாள். பீப்பாயைத் தொட்டுவிடுவாரோ என்று பயம். பாதி வழியில் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா. சாப்பாட்டு இடைவேளை.

பியட்றிஸ் இம்முறை கட்டிலில் இல்லை. நீண்ட மேசைகள் போட்ட ஒரு கூடத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஜெஸ்மி, கம்பெனி மாஸ்டர் கேட்டுக்கிட்டே நிக்கிறாரு. நாளையோட முடியுது. நா வைக்கலன்னு எழுதிக் குடுத்துடவா? அப்பாவ கேட்டுச் சொல்லு."

ஜெஸ்மின் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பீப்பாயை, பீலியை, குழந்தையை, மிஸ்ஸின் கணினியில் காணி நிறம் மாறியதை. மிஸ்ஸிடம் நான்தான் சொன்னேன் என்பதையும் சொன்னாள். அம்மா தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் திரும்பத் தட்டிலேயே போட்டாள்.

"நீ சொன்னதுல தப்பில்ல" என்றாள் கடைசியில். பிறகு, "அப்ப இப்ப ஒன்னும் தெரியாதா?"

"தெரியாதும்மா. இந்த மழைய அளந்தப்பறம்தான்."

"மழ பெய்யுதா அங்க?"

"ஊத்துது."

"காட்டு."

காணியடிக்கு வந்துவிட்டிருந்தாள். ஜெஸ்மின் தொலைபேசியைத் திருப்பி, குடைக்கு வெளியே கையை நீட்டினாள். பாத்திகளுக்கு நடுவே பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணீர் நிறத்தில் மழை இறங்கி வந்தது, கல்லுக்கட்டின் இடுக்குகளில் பிரிந்து, கீழே ஒன்றாகி, குழாய் வழியாகப் பீப்பாய்க்குள் சாய்ந்தது. கபிரியேல் பக்கத்தில் குந்தியிருந்தார். தன் மண் உள்ளே விழுந்து அடியில் படிவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருதரம் கை தானாகப் பீப்பாயை நோக்கி நீண்டது. இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

"போதுமாம்மா?"

"எடுக்காத. அப்பிடியே புடி."

கை நனைந்து கடுத்தது. ஜெஸ்மின் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். கண்ணாடியில் விழுந்த துளிகளுக்குள் அம்மாவின் முகம் உடைந்து உடைந்து சேர்ந்தது. அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்து குனிந்தாள், யாரென்று தெரியவில்லை, முக்காடு போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வேறொருத்தி, வாயில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு. மேசைகளிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து, அந்தச் சின்னச் சதுரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, அந்த வறண்ட ஊரில் காணக் கிடைக்காத மழையைப் பார்த்தார்கள்.